பலகை கிடக்கட்டும், முதலில் சுவரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டின் பின்கட்டில் பத்துக்கு எட்டு அடி அறை ஒன்றைத் தச்சு வேலைக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். ஸ்டூல், பூஜை அலமாரி, உடைந்த நாற்காலிக்குக் கால் என்று வீட்டுக்கு வேண்டியதைச் செய்வதோடு சரி. ஆனால் உளி, இழைப்புளி, ரம்பம், ஸ்பேனர், டிரில் மெஷின் என்று சாமான்கள் மட்டும் சேர்ந்துகொண்டே போகின்றன. எல்லாம் பழைய பெயின்ட் வாளிகளிலும் சாக்கிலும் கிடக்கின்றன. ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து வைத்தபோதுதான் பாதிக்கு மேல் துரு ஏறியிருப்பது தெரிந்தது. சுவரில் மாட்டிவிடலாம் என்று இரண்டங்குல கான்கிரீட் ஆணி அடித்தால், ஆணியோடு பூச்சும் பெயர்ந்து விழுகிறது. துளை போட்ட இரும்புத் தகடு ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடுங்கள் என்கிறான் மகன். அலமாரி செய்தபோது மிச்சமான 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று முழுதாக இருக்கிறது. அதையே சுவரில் பொருத்தி, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து அந்தந்த இடத்தில் மாட்டலாம் என்பது என் யோசனை. எது நல்லது? அறையின் கிழக்குப் பக்கம் வெளிச்சுவர். தெற்கில் குளியலறை. மேற்கில் கூடத்தோடு பொதுவான ஒன்பது அங்குலச் சுவர், எட்டடி நீளம். கடல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. வீட்டில் நான்கு வயதுப் பேத்தி இருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பலகையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். நான் பிடித்துக்கொண்டது சுவரைப் பற்றிய அந்த ஒற்றை வரியைத்தான். ஆணியோடு பூச்சு பெயர்கிற சுவரில் மகன் சொல்லும் தகடும் நிற்காது, உங்கள் பிளைவுட்டும் நிற்காது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

வீட்டின் உட்சுவர்ப் பூச்சு பெரும்பாலும் 12 முதல் 15 மி.மீ. கனம்தான் இருக்கும். இரண்டங்குல ஆணி என்றால் 50 மி.மீ. அதில் பெரும்பகுதி செங்கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும். நடப்பது வேறு. நன்றாக வெந்த செங்கல் ஆணிக்கு எளிதில் வழிவிடுவதில்லை. சுத்தியல் விழ விழ ஆணி பக்கவாட்டில் ஆடுகிறது. அந்த அதிர்ச்சியில் சுற்றியுள்ள பூச்சு செங்கல்லை விட்டுக் கழன்றுகொள்கிறது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், ஆணி அடித்த இடத்தைச் சுற்றி 'டொப் டொப்' என்று கேட்கும். அங்கெல்லாம் பூச்சு சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அந்த இடங்களைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமென்ட் வைத்து அடைத்து ஆறவிடுங்கள். ஆணியை மறந்துவிடுங்கள்.

இனி வேண்டியது ஹேமர் டிரில், 8 மி.மீ. சுவர் பிட், ரவுல் பிளக், ஸ்க்ரூ. அந்தக் காலத்து வயரிங்காரர்கள் உளியால் சுவரைக் கொத்தித் தேக்குக் கட்டையைச் சிமென்ட் வைத்துப் பதிப்பார்கள். பழைய வீடுகளில் சுவிட்சுப் பலகையைக் கழற்றினால் பின்னால் அந்தக் கட்டை இன்றும் இறுக்கமாக இருக்கும். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ராலிங்ஸ் என்பவர் அந்தக் கட்டைக்குப் பதிலாக நாரால் ஒரு பிளக் செய்தார். ரவுல் பிளக் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. 1958இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். கடையில் ரவுல் பிளக் என்று கேட்டாலும் ஃபிஷர் என்று கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் எடுத்துத் தருவார்கள். மலிவான பிளாஸ்டிக் பிளக் ஸ்க்ரூ ஏறும்போதே பிளந்துகொள்ளும். நைலான் பிளக்காகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்க்ரூ உள்ளே ஏற ஏற பிளக் விரிந்து சுற்றிலும் நெருக்குகிறது. அந்த நெருக்கத்தைத் தாங்குவது செங்கல். பூச்சுக்குள் பிளக் விரிந்தால் பூச்சுதான் வெடிக்கும். 'பிளக் போட்டும் நிற்கவில்லை' என்று சொல்பவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் பிளக்கின் வாய் சுவரின் மேல்மட்டத்தோடு நிற்கும், அதாவது பாதி பிளக் பூச்சுக்குள் இருக்கும். பூச்சைத் தாண்டி முழுப் பிளக்கும் செங்கல்லுக்குள் போகும்வரை உள்ளே தள்ளுங்கள். 40 மி.மீ. பிளக், 15 மி.மீ. பூச்சு, அதன் மேல் வரப்போகும் 20 மி.மீ. மரம், மூன்றும் சேர்ந்து 75. ஆக மூன்றங்குல ஸ்க்ரூ. துளையின் ஆழம் 65 மி.மீ. பிட்டின் முனையிலிருந்து 65 அளந்து இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால், ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

துளை போடும்போது கீழே கொட்டும் தூளின் நிறத்தைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறம் வரும், அது பூச்சு. பிறகு சிவப்பாக மாறினால் நல்ல செங்கல்லில் இருக்கிறீர்கள். சாம்பலாகவே வந்துகொண்டு பிட்டும் சடசடவென்று இறங்கினால், அது இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள கலவை. அங்கே பிளக் பிடிக்காது; ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ மாறுங்கள். சாம்பல் தூளே வந்து பிட் இறங்க மறுத்தால் உள்ளே கான்கிரீட் தூணோ பீமோ இருக்கிறது. அது கிடைத்தால் யோகம்தான், ஆனால் கம்பியில் முட்டினால் அழுத்தாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். துளைக்குள் தூள் நின்றால் பிளக் வழுக்கும். ஊதுகிறேன் பேர்வழி என்று கண்ணில் வாங்கிக்கொள்ளாமல், சைக்கிள் பம்ப்பால் அடித்து வெளியேற்றுங்கள்.

எந்தச் சுவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடத்தோடு பொதுவான மேற்குச் சுவர். குளியலறைச் சுவருக்குள் குழாய் எந்த உயரத்தில் எப்படிப் போகிறது என்பது அதைக் கட்டிய கொத்தனாருக்கே இப்போது நினைவிருக்காது. போதாததற்கு அந்தச் சுவர் எப்போதும் கொஞ்சம் ஈரம் காத்துக்கொண்டே இருக்கும். கிழக்குச் சுவர் கடலைப் பார்த்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பக்கமிருந்துதான் சாத்தும். மேற்குச் சுவரில் சுவிட்சு போர்டு இருந்தால், அதற்கு நேர் மேலும் நேர் கீழும் அரையடி அகலத்துக்கு எதுவும் போடாதீர்கள். ஒயர்க் குழாய் செங்குத்தாகத்தான் இறங்கியிருக்கும்.

இப்போது உங்கள் பிளைவுட்டுக்கு வருகிறேன். முழு ஷீட்டையும் அப்படியே சுவரோடு ஒட்டி அறைய வேண்டாம். பின்னால் காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தங்கும். கரையான் வந்தாலும் மண்கோடு உங்கள் கண்ணில் படாது. தெரிய வரும்போது பலகை தாளாகியிருக்கும். ஷீட்டைப் பட்டைகளாக அறுத்துக்கொள்ளுங்கள். 'பிரெஞ்ச் கிளீட்' என்று தச்சு வீடியோக்களில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டையின் மேல் விளிம்பு 45 டிகிரி சாய்வாக, சுவரை நோக்கிச் சரிந்து நிற்கும். சுவருக்கும் அந்தச் சரிவுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டாகும். கருவிகளைத் தாங்கும் சிறு பலகைகளின் முதுகில் இதே சாய்வு தலைகீழாக இருக்கும். கொண்டுபோய் வைத்தால் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எடை கூடக் கூடச் சுவரை நோக்கித்தான் இழுபடும். தூக்கினால் கழன்று வரும். ஸ்க்ரூ டிரைவருக்கு வேலையே இல்லை.

வெட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஷீட்டை நீளவாக்கில் 150 மி.மீ. அகலத் துண்டாக அறுத்துக்கொண்டு, அதன் நடுவில் பிளேடைச் சாய்த்து ஒரே ஓட்டாக ஓட்டினால் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒன்று சுவருக்கு, மற்றது தாங்கிகளுக்கு. இரண்டும் ஒரே வெட்டில் பிறந்தவை என்பதால், பிளேடு 45க்குப் பதில் 44இல் நின்றிருந்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆனால் எல்லாத் துண்டுகளையும் ஒரே அமர்வில், பிளேடின் சாய்வைத் தொடாமல் அறுத்து முடிக்க வேண்டும். கையில் வட்ட ரம்பம் இல்லையென்றால் மரவாடியில் கூலிக்கு அறுத்துக்கொடுப்பார்கள். கூடவே நின்றுகொள்ளுங்கள், சாய்வு வெட்டு என்றதும் 'எதுக்கு சார் இது?' என்று கேட்டுவிட்டு நேராக அறுத்து வைக்கிறவர்களும் உண்டு. இப்படி ஐந்து துண்டுகள் எடுத்தால், 1220 மி.மீ. அகல ஷீட்டில் சுமார் 770 போகும். ஒன்றரையடி அகலத்தில் எட்டடிப் பலகை ஒன்று மிஞ்சும். தாங்கிகள் செய்ய அது போதும்.

அறுத்தபின் சாய்வின் கூரான முனையை இழைப்புளியால் இரண்டு மூன்று மி.மீ. மழித்துவிடுங்கள். கூர்முனை அப்படியே இருந்தால் பள்ளத்தின் அடியில் அதுதான் முதலில் முட்டும், சாய்வுப் பரப்பு முழுதாக உட்காராது. பள்ளத்தில் மரத்தூள் சேரும்போது அதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

ஷீட்டின் முத்திரையையும் பார்த்துவிடுங்கள். ஐ.எஸ். 710 என்றிருந்தால் மரைன் பிளைவுட், கவலையில்லை. ஐ.எஸ். 303 என்று போட்டு எம்.ஆர். என்றிருந்தால் சாதாரண ஈரத்துக்குத்தான் தாங்கும். உங்கள் ஊர்க் காற்றுக்கு அறுத்த விளிம்புகள் அத்தனைக்கும் வார்னிஷோ பிரைமரோ இரண்டு கை கொடுத்தே ஆக வேண்டும். விளிம்பில் ஓட்டை தெரிந்தால், அதாவது நடு அடுக்கில் இடைவெளி விட்டிருந்தால், அந்தத் துண்டைச் சுவருக்குப் போடாமல் வேறு வேலைக்கு ஒதுக்குங்கள்.

பட்டைகளை நேரே சுவரில் முடுக்க வேண்டாம். முதலில் 20 மி.மீ. கனத்துக்கு இழைத்த இரண்டங்குல ரீப்பர் கட்டைகள் ஐந்தை, இரண்டடிக்கு ஒன்றாகச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் மூன்றேகால் அடி நீளம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பிளக். சுவரில் மொத்தம் இருபது துளைதான். நல்ல செங்கல் எங்கே அகப்படுகிறதோ அங்கே போட்டுக்கொள்ளலாம் என்பது இதில் வசதி. பூச்சு எங்காவது குழியாக இருந்தால், ரீப்பருக்குப் பின்னால் மெல்லிய சில்லு கொடுத்து நேராக்கிவிடலாம். பட்டைகளுக்குப் பின்னால் 20 மி.மீ. காற்று விளையாடும். கரையான் ஏறினால் மண்கோடு வெளியே தெரியும். பிறகு பட்டைகளைக் குறுக்கே வைத்து, ரீப்பரைச் சந்திக்கும் இடமெல்லாம் 35 மி.மீ. ஸ்க்ரூ இரண்டிரண்டாகப் போடுங்கள். அதைவிட நீளம் போனால் பின்னால் சுவரைக் குத்தும். முதல் பட்டைக்கு ரசமட்டம் மட்டும் போதாது. எட்டடி நீளத்துக்கு டியூப் மட்டம் பிடிப்பதுதான் நம்பகம். அடுத்த பட்டைகளுக்கு அளவெடுக்கத் தேவையில்லை. எட்டங்குலத்துக்கு ஏற்றபடி கட்டை இரண்டு வெட்டி, கீழ்ப் பட்டையின் மேல் நிறுத்தி, அதன்மேல் அடுத்ததை வைத்து முடுக்கிக்கொண்டே போங்கள்.

வேலை மேசை 34 அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால், முதல் பட்டை தரையிலிருந்து 46 அங்குலத்தில் வரட்டும். எட்டெட்டாக ஏறினால் ஐந்தாவது 78இல் நிற்கும். அதற்கு மேல் போட்டால் ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும், பிறகு எடுக்கவே மாட்டீர்கள்.

உங்கள் மகன் சொன்ன தகடு மோசமில்லை. ஓர் அங்குலத்துக்கு ஒரு துளையாகப் போட்டு, கொக்கி மாட்டும் பலகை அமெரிக்க வீடுகளில் வெகுகாலமாக இருக்கிறது. திருப்புளி, குறடு, கத்தரிக்கோல் மாதிரி இலகுவான சாமான்களுக்குப் பொருத்தம். ஆனால் கருவியை எடுக்கும்போது கொக்கியும் கூடவே கழன்று வருவது அதன் பிறவிக் குணம். இழைப்புளியையும் கிளாம்ப்பையும் அதில் தொங்கவிட எனக்கு மனசு வராது. தவிர, கடல் காற்றில் துளையின் விளிம்பில்தான் பூச்சு முதலில் போகும், துருவும் அங்கேதான் பிடிக்கும்.

உருவம் வரைவது பற்றி. பல கைகள் புழங்கும் பட்டறைக்கு அது அருமையான ஏற்பாடு. எந்த ஸ்பேனர் திரும்பி வரவில்லை என்பது சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் புழங்கும் இடத்திலும் அது அழகாக நடந்திருக்கிறது. சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டின் அடுப்படியில் அவர் கணவர் பால், துளைப் பலகையில் ஒவ்வொரு பாத்திரத்தின் உருவத்தையும் வரைந்து வைத்தார். அந்தச் சமையலறையை 2001இல் ஜூலியா நன்கொடையாகக் கொடுத்துவிட, இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் நிலைமை அப்படியில்லை. 'சேர்ந்துகொண்டே போகின்றன' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பொங்கலுக்குள் ஒரு ரௌட்டர் வாங்குவீர்கள், வரைந்ததை அழிக்க வேண்டியிருக்கும். வளர்கிற சாமான்களுக்கு நகர்கிற தாங்கிதான் சரி. பட்டைகளை ஒருமுறை உறுதியாகப் போட்டுவிட்டு, தாங்கிகளை விருப்பம்போல் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

தாங்கிகள் செய்யும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள். சுவரைப் பிய்ப்பது எடை மட்டுமில்லை, அந்த எடை சுவரிலிருந்து எவ்வளவு தூரம் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதும்தான். பத்துக் கிலோ சாமான் உள்ள ஒரு தட்டு. அதன் எடை மையம் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. தட்டின் முதுகுப் பலகை 30 செ.மீ. உயரம் என்றால், மேல் பட்டையை வெளியே இழுக்கும் விசை ஐந்து கிலோ. முதுகுப் பலகை 10 செ.மீ.தான் என்றால் அதே தட்டு பதினைந்து கிலோ விசையோடு இழுக்கும். அதே எடை, மூன்று மடங்கு இழுப்பு. ஆகவே தட்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைவிட முதுகு உயரமாக இருக்கட்டும். எட்டங்குலத்தைத் தாண்டிய முதுகுப் பலகை தானாகவே கீழ்ப் பட்டையில் சாய்ந்துகொள்ளும். குட்டையான தாங்கிகள் உள்நோக்கிச் சாயாமல் இருக்கப் பின்னால் கீழே ஒரு துண்டு ஒட்ட வேண்டும். சுவர் வரை எட்ட, பட்டையின் 18, ரீப்பரின் 20, ஆக 38 மி.மீ. கனம்.

பலகையை வெட்டும் முன் சாமான்கள் அத்தனையையும் தரையில் சாக்கை விரித்துப் பரப்புங்கள். எந்தெந்தக் கருவிகளை ஒரே வேலைக்கு எடுக்கிறீர்களோ அவற்றைக் கூட்டம் கூட்டமாக வையுங்கள். மூலைமட்டம், அளவுகோல், பென்சில் ஒரு பக்கம். உளி, கொட்டாப்புளி, சாணைக்கல் ஒரு பக்கம். நிறைய பேர் எல்லாச் சுத்தியலையும் ஒரு வரிசை, எல்லாக் குறடையும் ஒரு வரிசை என்று அடுக்குகிறார்கள். பார்ப்பதற்குக் கடை மாதிரி இருக்கும், வேலைக்கு உதவாது.

உளித் தாங்கி: ஒன்றரை அங்குலக் கட்டையில் துளை போட்டு, முன்பக்கம் திறந்த காடியாக வெட்டிவிடுங்கள். முழு நீளத்துக்கும் தூக்காமல் சற்றே உயர்த்தி முன்னால் இழுத்தால் உளி கைக்கு வந்துவிடும். அலகுக்கு முன்னால் மெல்லிய பலகை ஒன்று மறைப்பாக வரட்டும். உளியின் வாய் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தால் கீழே எதையோ எடுக்கக் குனியும் கை அதில் படும். பிடிகளுக்கு நடுவே ஓர் அங்குலமாவது விடுங்கள், விரல் நுழைய வேண்டும். இழைப்புளிக்குச் சற்றே சாய்ந்த தட்டு, கீழே தடுப்பு. தட்டில் மெல்லிய சட்டம் ஒன்றை ஒட்டி முன்முனையைத் தூக்கி வைத்தால் அலகு மரத்தில் படாது. கைரம்பத்துக்குப் பிடியின் ஓட்டைக்குள் நுழைகிற வடிவில் ஒரு கட்டை, அதன்மேல் ஒற்றை ஸ்க்ரூவில் சுழலும் சிறு துண்டு போதும். டிரில் மெஷினுக்குத் தட்டின் அடிப்பலகையில் 'ப' வடிவக் காடி வெட்டினால் தலைகீழாகத் தொங்கும். ஒவ்வொரு தாங்கிக்கு மேலும் ஓர் அங்குலம் காலியாக விடுங்கள். இல்லையென்றால் தாங்கியையே தூக்கிக் கழற்ற முடியாது.

காந்தப் பட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அடுத்து மகன் அதைத்தான் சொல்வார். சாணை பிடிக்கிற, கிரைண்டர் ஓட்டுகிற அறையில் வேண்டாம். இரும்புத் தூளெல்லாம் அங்கே போய் ஒட்டி, தீட்டிய உளியின் மேல் உட்காரும்.

துருவுக்குச் சுவரில் மாட்டுவதே பாதி மருந்து. சாக்கும் வாளியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தன. ஆனால் கடலோரத்தில் அது முழு மருந்தாகாது. தினமும் கை படுகிற கருவிகள் வெளியே தொங்கலாம். வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தோய்ந்த துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். உங்கள் கை வியர்வையின் உப்பும் துருவுக்குத் துணைபோகும் என்பதால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அபூர்வமாக எடுக்கிற நல்ல உளிகள், அளவுக் கருவிகள், அரங்கள் ஆகியவற்றுக்குக் கதவுள்ள ஓர் ஆழமில்லாத பெட்டி செய்து அதையும் பட்டையிலேயே மாட்டிவிடுங்கள். உள்ளே சூடமோ சிலிக்கா பையோ போடலாம். உளிக்குத் தோலுறை போடாதீர்கள், தோல் ஈரத்தை உறிஞ்சி அலகுக்கே கொடுக்கும். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஸ்டெயின்லெஸ், 304 தரமாக இருக்கட்டும். விலை கூடத்தான். கறுப்பு ஸ்க்ரூ உங்கள் ஊரில் சீக்கிரமே தலை அரித்துப்போகும்.

பெட்டி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பியானோ செய்யும் தொழிலில் இருந்த ஹென்றி ஸ்டட்லி என்பவர், சுவரில் மாட்டும் கருவிப் பெட்டி ஒன்று செய்தார். மூடினால் ஒரு மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம்தான் இருக்கும். உள்ளே முந்நூறு கருவிகள் அளவில் அடங்கும். ஒரு அடுக்கைத் திறந்தால் பின்னால் இன்னொரு அடுக்கு, தந்தமும் சிப்பியும் பதித்த வேலைப்பாடு. படத்தைத் தேடிப் பாருங்கள், அசந்துபோவீர்கள். ஆனால் அதில் புதிதாக ஒரு திருப்புளி சேர்க்க இடம் கிடையாது. ரசிக்கலாம், நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

பேத்தி விஷயம். நான்கு வயதுப் பிள்ளை கையைத் தூக்கினால் நான்கடி உயரத்துக்கு எட்டும், ஸ்டூலை இழுத்துப் போட்டால் இன்னும் மேலே. முதல் பட்டையில் கிளாம்ப், பிரஷ், மணல்தாள், பசை டப்பா இவற்றோடு நிறுத்துங்கள். கூரானவை மூன்றாவது பட்டைக்கு மேலேதான். நான் சொன்ன கதவுப் பெட்டிக்குப் பூட்டு. கிரைண்டர், வட்ட ரம்பம் இவற்றின் ஒயரைத் தொங்கவிடாமல் சுருட்டிக் கட்டி வையுங்கள்; குழந்தை இழுப்பது பிளேடை இல்லை, ஒயரைத்தான்.

கேள்வி: மேலே உள்ள வாசகருக்குச் சொந்தச் சுவர் இருக்கிறது. நாங்கள் சென்னையில் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஓனர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டார். பால்கனியில்தான் என் வேலையெல்லாம். எனக்கு என்ன வழி?

– ஒரு வாசகி, சென்னை

பதில்: சுவரைத் தொடாமலே செய்யலாம், அம்மா. ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள் ரேக், கடைகளில் சரக்கு அடுக்க வைத்திருப்பார்களே, அதில் மூன்றடி அகலத்தில் ஆறடி உயரத்தில் ஒன்று வாங்குங்கள். கீழே இரண்டு தட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மேல் தட்டுகளைக் கழற்றிவிடுங்கள். மேல்பாதியில் பின்பக்க இரண்டு கால்களின் குறுக்கே, ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் போல்ட் போட்டு, நான் மேலே சொன்ன சாய்வுப் பட்டைகளை முடுக்குங்கள். சுவருக்குப் பதில் இந்தக் கால்கள். தாங்கிகள் எல்லாம் அதே மாதிரிதான்.

இது முன்னால் சாயக்கூடிய பொருள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். டிரில், கிரைண்டர், ஸ்பேனர் செட், டைல்ஸ் துண்டு என்று கனமானதெல்லாம் அடித்தட்டில். மேலே இலகுவானவை. கால்களுக்கு ரப்பர் குமிழ் மாட்டி, பின்பக்கத்தைச் சுவரை ஒட்டித் தள்ளி, முன்கால்களுக்கு அடியில் மட்டும் 5 மி.மீ. ரப்பர் துண்டு வைத்தால் ரேக் பின்னால் சாய்ந்தே நிற்கும். பால்கனி கிரில் பக்கத்தில் இருந்தால் மேல் முனையை அதோடு கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

இரும்பு பீரோ இருக்கிறதா? அதன் பக்கவாட்டு வெறுமையாகத்தான் கிடக்கும். காந்தக் கொக்கிகள் அதில் நன்றாகப் பிடிக்கும். அளவு நாடா, கத்தரி, குறடு, திருப்புளி செட்டுக்கு அது தாராளம். கொக்கி பாக்கெட்டில் 'இத்தனை கிலோ' என்று போட்டிருப்பது காந்தத்தை நேராக இழுத்தால் தாங்கும் கணக்கு. பீரோவின் பக்கத்தில் சாமான் கீழ்நோக்கித் தொங்கும்போது அது வழுக்கும். போட்டிருக்கும் எடையில் கால்வாசிக்கு மேல் ஏற்றாதீர்கள். பீரோவின் பெயின்ட் கீறாமல் இருக்க நடுவே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வைக்கலாம். அது வழுக்கலையும் கொஞ்சம் குறைக்கும்.

பால்கனியில் சாரல் அடிக்கும் என்றால் மழைக்காலத்தில் தாங்கிகளை மட்டும் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுங்கள். பட்டையில் மாட்டியிருப்பதால் ஐந்து நிமிஷ வேலை. வீடு மாறும்போதும் போல்ட்டைக் கழற்றி அப்படியே லாரியில் ஏற்றிவிடலாம்.